உன் அம்மாவின் வலது கை

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

அன்பு மகள் சாராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், உன் அம்மாவின் தோளைத் தவிர. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாராவாரம் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் பேசும்போது உன் அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு முகத்தைக் காட்டுகிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அம்மணி. உன் அம்மா ஒருவனுக்கு ஞானத்தாயாக நிற்கப்போகிறாள். அவன் பெயர் பூபதி. நம் தெருமுனையில் பைக்கில் வந்து அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனானே, நீ அடித்துப் பிடித்து விமானம் ஏறி வந்தாயே, அந்தப் பூபதிதான். சங்கிலி திரும்ப வரவேயில்லை. சாக்கடைத் திட்டில் விழுந்து உடைந்த வலது தோள் இன்றுவரை பாதிக்கு மேல் எழும்பவில்லை, கொடியில் துணி போட என்னைத்தான் கூப்பிடுகிறாள். வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம். நீ போன் செய்து அவளை நிறுத்து. நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபையிலிருந்து சிறைக்குக் கேக் கொண்டுபோனார்கள். உன் அம்மா வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தபோது ஒருவன் கையை நீட்டாமல் நின்றானாம். வாங்கிக்கோ கண்ணு என்றிருக்கிறாள். நான்தானுங்கம்மா அது என்றானாம். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இவள் தனியாகவே மனுப் போட்டு இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பிப்ரவரியில் வெளியே வந்தவன் கணபதி பக்கம் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்துகொண்டு, ஞாயிறானால் நம் கோயிலில் கடைசி பெஞ்சில், செருப்பு விடுகிற வாசல் ஓரமாக வந்து உட்காருகிறான். எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. ஊரில் இத்தனை சபை இருக்க, தான் அறுத்த கழுத்து எந்தச் சபையில் உட்காருகிறதோ அங்கேதான் வரவேண்டுமா? இரக்கப்படுகிற ஆள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு வருகிறான் என்பது என் கணக்கு. ஒரு நாள் நீண்ட ஜெபத்தின் நடுவில், இவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று கண்ணைத் திறந்து திரும்பினேன். அவனும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தைந்து வருஷம் தேர்வறையில் நடந்தவன் நான். காப்பி அடிக்கிற பிள்ளை கையில் தெரியமாட்டான், தோளில் தெரிவான், தோள் கொஞ்சம் கூடுதலாக அடக்கமாக இருக்கும். இவனுக்கு அப்படி இருக்கிறது. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது என்று இவள் சொன்னதும் சனிக்கிழமையே வந்து சரி செய்தான், காபியை வெளியே நின்றே குடித்தான், போகும்போது ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்து இது பழசுங்க சார், மாத்திப்போடுங்க என்றான். கம்பி பழசு என்று அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? எதிர்வீட்டுச் செல்லாத்தாள் அம்மா அன்றைக்கே கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஏனுங்க வாத்தியாரே, சாவியையும் அவன் கையிலயே குடுத்துட்டா அவனுக்கு ஒரு வேலை மிச்சமுங்களே என்று கேட்டார். 

தாய் தகப்பன் யாரும் இல்லை என்று சபை ஆயரிடம் சொல்லியிருக்கிறான். அதை நம்பாமல், தேங்காய் விலை விசாரிக்கப் போவதாக உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அவன் ஊரான உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அவன் வளர்ந்த தேங்காய் மண்டிப் பக்கம் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அவனுடைய அம்மா நன்றாக உயிரோடு இருக்கிறார், முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பூபதி உங்க பையனுங்களா என்று கேட்டேன். முறத்தை நிறுத்தாமல், எனக்கு அப்படி ஒரு பையன் இல்லீங்க, நீங்க ஊடு மாறி வந்துட்டீங்க என்றார். அம்மா இல்லை என்கிறான் அவன், பையன் இல்லை என்கிறார் அவர். பேசி வைத்தது போல இரண்டு பேரும் ஒரே விடை எழுதியிருந்தால் பரீட்சையில் நான் இரண்டு தாளையும் நிறுத்தி வைப்பேன். இங்கே எந்தத் தாளை நிறுத்துவது என்று தெரியவில்லை. வந்து உன் அம்மாவிடம் அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்றேன். அவள் என் சட்டையை மடித்துக்கொண்டே, அப்ப அவனுக்கு நெசமாலுமே யாருமில்லீங்களா என்று மட்டும் கேட்டாள்.

இதற்கு நடுவில் போன ஞாயிறு ஆயர் புத்திரசுவிகாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெற்ற பிள்ளைக்கு முழுப் பங்கு, தத்தெடுத்த பிள்ளைக்கு அரைப் பங்கு என்பது தேவனுடைய வீட்டில் கிடையாது, எடுத்துக்கொண்ட அன்றைக்கே அவன் முழு வாரிசு, அதற்காக அவன் செய்தது ஒன்றுமில்லை, எல்லாம் தகப்பனுடைய கிருபை என்றார். சின்ன வயதிலிருந்து கேட்டு ஆமென் சொன்ன பிரசங்கம்தான். இந்த முறை வாரிசு என்ற வார்த்தை வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் அவன் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். மறுநாளே வக்கீல் ஆதர்ஷிடம் போனேன், என்னிடம் எட்டாவது படித்தவன். ஞானப்பிள்ளைக்கு வீட்டில் பாத்தியதை உண்டா என்று கேட்டேன். சட்டத்துல ஒண்ணும் கிடையாதுங்க சார், வேணும்னா எனக்கும் ஞானத்தகப்பனா நில்லுங்க, எனக்கும் ஒண்ணும் கிடைக்காது என்று சிரிக்கிறான். அந்த மட்டில் நீ கவலைப்பட வேண்டாம்.

உன் அம்மாவுக்கு நான் ஒரு உதாரணம் சொன்னேன். முப்பத்திரண்டு மார்க் எடுத்தவனுக்கு மூன்று மார்க் கருணையாகப் போட்டுத் தேற்றலாம், நானே போட்டிருக்கிறேன், வெள்ளைத்தாள் கொடுத்தவனுக்கு எதைப் போடுவது, இன்னும் இரண்டு வருஷம் பார்ப்போம், ஒழுங்காக இருந்தால் அப்புறம் நில் என்றேன். நல்ல உதாரணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவள் சொன்னது இதுதான். பஞ்ச காலத்துல உங்க பாட்டனோட அப்பா சபையில சேர்ந்தப்போ கஞ்சிக்கு வந்தவன்னு ஊரே சொல்லுச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. கஞ்சிக்கா கர்த்தருக்கான்னு ரெண்டு வருஷம் பாத்துட்டு அப்புறம் சேத்துக்கலாம்னு அந்த வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் நெனச்சிருந்தா, நீங்க எந்த பெஞ்சுல உக்காந்து இவனைத் திரும்பித் திரும்பிப் பாப்பீங்க என்றாள். கேட் சத்தம் கேட்கிறது, அவள் வந்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன்.

நான்கு நாள் கழித்து இப்போதுதான் மறுபடி உட்கார்ந்தேன். சிறுவாணித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள், விட்ட அன்று எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. நேற்று ஞானஸ்நான வகுப்பின் கடைசி நாள். உன் அம்மாவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன், உண்மையில் காவலுக்குத்தான். பாடம் முடிந்ததும் ஆயர் பூபதியையும் உன் அம்மாவையும் ஞானஸ்நானத் தொட்டி அருகில் அழைத்து நிற்கும் முறையைக் காட்டினார். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும், வயது வந்தவர் ஒருவர் ஞானஸ்நானம் பெறும்போது விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடிக்கிறவரை ஞானத்தாய் பின்னால் நின்று அவர் வலது தோளில் தன் வலது கையை வைத்திருக்க வேண்டும். பூபதி தேங்காய் மூட்டை தூக்கி வளர்ந்தவன், ஆறடி. உன் அம்மா கையைத் தூக்கினாள், அவன் முதுகின் பாதியோடு நின்றுவிட்டது. அவன் உடனே முட்டி போட்டான். ஆயர், நின்றுதான் சொல்ல வேண்டும் தம்பி, எழுந்திரு என்றார். பிறகு, இடது கையை வையுங்கம்மா, யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை என்றார். உன் அம்மா, இல்லீங்க ஐயா, இந்தக் கைதான் வெக்கோணும் என்றாள். வேண்டாங்கம்மா, வலிக்கும் என்றான் பூபதி, திரும்பாமலே. அதற்கு அவள், வலிக்கும்னு உனக்குத் தெரியுதில்ல, பேசாம நில்லு கண்ணு என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, ஏனுங்க, அங்கயே உக்காந்து எதைக் காவல் காக்கறீங்க, வந்து இந்த முழங்கையைப் பிடிங்க என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன், எழுந்து போகும்போது சட்டைப் பையிலிருந்த பர்ஸை எடுத்து பேன்ட் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து, பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை அவன் தோளில் போய் உட்கார்ந்தது. அவன் பிரமாணத்தை ஆரம்பித்தான். அவள் கையின் பாரம் முழுவதையும் நான் தாங்கிக்கொண்டு நின்றேன். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தவன், பாவமன்னிப்பு வருகிற இடத்தில் நின்றுவிட்டான். ஆயர் காத்திருந்தார், உன் அம்மா காத்திருந்தாள். நான்தான் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். சாரா, என் சர்வீஸில் ஒரு பிள்ளைக்கும், நீ என் வகுப்பில் இருந்தபோது உனக்கும்கூட, பரீட்சையில் நான் விடை சொல்லிக் கொடுத்ததே கிடையாது.

சந்தேகம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஜன்னல் கம்பியை மாற்றச் சொல்லியிருக்கிறேன், வேறு பட்டறையில். முதல் பக்கத்தில் அவளை நிறுத்து என்று உனக்கு எழுதியிருந்தேன், இன்று திரும்பப் படித்துவிட்டு அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன், அதுவும் நான் எழுதியதுதானே. ஆனால் போன் செய்வதானால் யோசித்துச் செய். அந்த ஞாயிறு அவள் முழங்கையைப் பிடிக்க வேறு ஆள் இல்லை, அவளை நிறுத்தினால் நீ என்னையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் வரவையும் போக்கையும் காத்து, வயிறும் மனதும் நிறைய வைப்பாராக. பெந்தெகொஸ்தே ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை, உனக்கு அப்போது மதியம் மூன்று மணி, மறக்காமல் எங்களை நினைத்து ஜெபம் செய். ஜெபத்தில் அவன் பெயரையும் சொல், பூபதி.

என்றும் உன் அப்பா,
ஜெபமணி.