காகிதத்துக்கென்று வந்த குளிர்

இன்று காலை லான்மடா பேட்டையில் ஒரு கடைவாசலைக் கடக்கும்போது கண்ணாடிக் கதவு திறந்து ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. கூடவே புதுக் காகித வாசனை. நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு நீ வந்துவிடுகிறாய். உன்னோடு ஆத்திரமும் வருகிறது.

நாம் வேலை பார்த்த அச்சகத்தில் ஏசி மாட்டிய மழைக்காலம் நினைவிருக்கிறதா? ஈரத்தில் தாள் விரிந்து, படத்தில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று விலகி விழுந்துகொண்டிருந்தது. அதனால் அச்சு அறைக்கு மட்டும் ஏசி. பக்கத்து அறையில் தாள் மடித்துப் புத்தகம் தைக்கிற நமக்குக் கிடையாது. மாட்ட வந்தவர் பெருமையாகச் சொன்னார்: "அமெரிக்காவுல இந்த மெஷினைக் கண்டுபிடிச்சதே ஒரு அச்சாபீசுக்காகத்தாம்மா. அங்கயும் இதே தொல்லை. குளிர்ந்த குழாய் மேல காத்தை ஓட்டி ஈரத்தை எடுத்தாங்க. அப்புறந்தான் சினிமாக் கொட்டகை, கடை, வீடு எல்லாம்."

நீ ஊசியைக் கீழே வைத்தாய். "அப்ப மொதல்லருந்தே காகிதத்துக்குத்தானா? அங்க வேர்த்துக்கிட்டு நின்னவங்கள யாரும் பாக்கலியா?"

அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

கோடையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அச்சு அறைக்கு மட்டும் ஓடும். இரண்டு அறைக்கும் இடையிலிருந்த நடுக்கதவைத் திறக்கக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஒரு மத்தியானம் நான் மயங்கி விழுந்தேன். நீ கதவை உதைத்துத் திறந்து, என்னை இழுத்துப் போய்த் தாள் கட்டுகள் மேல் கிடத்தினாய். கண் விழித்தபோது முதலாளி கத்திக்கொண்டிருந்தார். நீ அவர் பாஷையான பர்மியத்திலேயே திருப்பிக் கேட்டாய்: "தாள் கெட்டா வேற வாங்குவீங்க சயா. இவ செத்தா எங்க போய் வாங்குவீங்க?"

அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுநாள் தைக்கிற பெண்கள் ஒருத்திகூட உள்ளே போகவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தவர், நடுக்கதவைக் கழற்றவே சொல்லிவிட்டார். உன்னை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. "போகட்டும் புள்ள, நீங்களாவது காத்து வாங்குங்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து துணி தைத்தாய். இந்தச் சித்திரையில் நீ போய்விட்ட செய்தி கேட்டுப் படகேறி வந்து உன்னைத் தொட்டேன். உடம்பு இன்னும் சுட்டது. மாரடைப்பு என்றார்கள். நான் வெயில் என்றுதான் சொல்வேன். தாளுக்குத் தந்த குளிரில் ஒரு மூச்சு உனக்குத் தர இந்த ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

போன வாரம் நம் தையல் அறைக்கும் ஏசி வந்தது. முதலாளியின் மகன் எல்லோரையும் கூட்டிப் பேசினார்: "அப்பாவுக்கு உங்க மேல எப்பவும் கருணை. அந்தக் காலத்துலயே தானா மனசு வந்து நடுக்கதவைக் கழட்டினவர்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பொய்" என்று எழுந்தேன். உன் பெயரைச் சொன்னேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "அந்த அக்கா இப்ப எங்க?" என்று கேட்டாள்.

என்னையும் நிறுத்துவார்களோ என்னவோ. நிறுத்தட்டும். நான் உட்காரும் இடத்தில் இப்போது கை விறைக்கிற அளவுக்குக் குளிர். உனக்காக வந்த கோபத்தை மட்டும் நான் ஆற விடவில்லை.