சைரன் அடித்தும் நீ நகரவில்லை

ஜெர்மனியிலிருந்து வந்ததும் மடித்துவைத்த மழைக்கோட்டை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. பால் வாங்கிவரலாம் என்று கோட்டை உதறியபோது பையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். காதில் அடைத்துக்கொள்ளும் மஞ்சள் பஞ்சு, இரண்டு ஜோடி. ஒன்று அங்கே பாட்டுத் திருவிழா வாசலில் ஒரு பெண் எனக்குக் கொடுத்தது. இன்னொன்று உனக்குக் கொடுத்து, நீ என் பையில் திணித்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி வந்து, "மழ வுட்டு எம்மா நேரமாச்சு, இன்னும் குந்திக்கினு இருக்கீங்க?" என்றாள். பால் வாங்கப் போகவில்லை.

எனக்கு அழுகை வருவதில்லை. அது உனக்கும் தெரியும். திகைப்புதான் வருகிறது. யாரோ பின்னந்தலையில் தட்டியது போல நீ போன அன்றைக்கு நின்றவன்தான், இன்னும் அப்படியே நிற்கிறேன். ஒரு மனிதனை இத்தனை முறை திடுக்கிட வைக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் ஒரே பக்கெட் வீல் மெஷினில் காலம் தள்ளியவர்கள் நாம். நீ கும்பகோணத்துப் பக்கம், நான் காடாம்புலியூர். முந்திரிக்காட்டுக்காரன் என்பதால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு முந்திரி என்று பேர் வைத்தாய். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரே தெருவில் வீடு கட்டி வந்த பிறகும் அந்தப் பேர் என்னை விடவில்லை. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கையால்தான் பேச்சு. டீக்குப் போகலாமா என்பதற்கு ஒரு சைகை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை. கெட்ட வார்த்தையைக்கூட உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. மைன்ஸ்காரன் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள், பேசுகிறவன் முகத்தையே பார்ப்பார்கள். அதனால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

ஆனால் சாயங்காலம் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு டவுன்ஷிப் சங்கீத சபாவில் நீ முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால் உன்னை யாரும் மைன்ஸ்காரன் என்று சொல்ல மாட்டார்கள். கச்சேரி முடிந்ததும் சபாக்காரர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "பொண்ணுக்கு மேல போகும்போது கொஞ்சம் நடுங்குது. இன்னும் சாதகம் பண்ணணும்" என்பாய். அதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. பக்கத்து நாற்காலியில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். "இவன் போண்டாவுக்காக வர்றவன்" என்று என்னை அறிமுகப்படுத்துவாய்.

உன் வீட்டம்மா போன பிறகு, ஜெர்மனியில் இருக்கும் உன் மகள் நித்யா உன்னை வந்து இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு கோடைக்குச் சம்மதித்தாய், என்னையும் இழுத்துக்கொண்டு. "அங்க போய்த் தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது. நீயும் வா முந்திரி. நம்ம மெஷின் பொறந்த ஊரப் பாத்துட்டு வரலாம்" என்றாய். என் வீட்டுக்காரி மறுப்பாள் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்க. டிவியாவது என் கையில இருக்கும்" என்று அனுப்பிவைத்தாள்.

அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் நித்யா டிக்கெட்டுக்குப் பதிலாகக் கையில் கட்டிக்கொள்ளும் இரண்டு கைப்பட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ஆபீஸ்ல ஒருத்தங்க குடுத்தாங்கப்பா. பக்கத்துக் கிராமத்துல பாட்டுத் திருவிழா. ரெண்டு பேரும் போறீங்களா?" என்றாள். எப்படிப்பட்ட பாட்டு என்று போனில் காட்டினாள். கறுப்புச் சட்டை, இடுப்பு வரைக்கும் முடி, கிடாரைப் பிடித்துக்கொண்டு ஆட்டை அறுப்பது போல ஒரு கதறல். நீ காதைப் பொத்திக்கொண்டு "சிவசிவா" என்று எழுந்து போவாய் என்று உன்னைப் பார்த்தேன். நீயோ கண்கொட்டாமல் அந்த டிரம்ஸ்காரன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"போலாம்" என்றாய்.

சபாவில் மைக் கொஞ்சம் இரைந்தாலே எழுந்து போய்ச் சண்டை போட்டவன் நீ. உனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

திருவிழா அன்றைக்கு நல்ல மழை. நடவுக்குச் சேறடித்த நம் பக்கத்து வளையமாதேவி வயல் மாதிரி இருந்தது அந்த இடம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மண்டையோட்டுச் சட்டைக்காரர்களுக்கு நடுவே நாம் இரண்டு கிழவர்கள். உனக்கு நெற்றியில் விபூதி வேறு. நம்மோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் ஒரு பெண் காதுப் பஞ்சு கொடுத்தாள். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாய்.

"மைன்ஸ்லயும் இதத்தானே குடுத்தாங்க. நாமதான் போட்டுக்காம கொண்டுபோய்ப் புள்ளைங்களுக்கு விளையாடக் குடுத்தோம். எனக்கு எதுக்கு இது, நீயே வச்சுக்க."

நானும் சிரித்தேன். அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பெரிய மேடைக்கு முன்னால் போய் நின்றோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. திடீரென்று மேடைக்குப் பின்னாலிருந்து சைரன் எழுந்தது. பாட்டுக்கு முன்னால் அவர்கள் வைத்திருக்கும் வேடிக்கை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? தாழ்ந்து தொடங்கி ஏறிக்கொண்டே போனது. அச்சு அசலாக நம் சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்னால் அடிக்கும் சைரன்.

நம் ஷிப்டில் ஒரு வழக்கம் இருந்தது. சைரன் அடித்தால் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் யாரானாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும், அவன் காதில் விழாமல் போயிருக்கலாம் என்பதற்காக. முதலில் நகர்கிற கால் எப்போதும் உன்னுடையதாக இருக்கும். ரிட்டயர் ஆனாலும் உடம்பு மறக்குமா? என் கை தானாக நீண்டது. அகப்பட்ட மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான், உன் கை இவ்வளவு பருமன் இல்லையே என்று திரும்பினால், என் பின்னால் வருவது பனைமர உயரத்தில் ஒரு தாடிக்காரன். கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். ஏதோ ஆட்டம் என்று நினைத்துவிட்டான், சிரித்துக்கொண்டே வந்தான். அவன் கையை ஒருத்தி பிடித்திருந்தாள், அவள் கையை இன்னொருவன். ஒரு கூட்டமே கைகோத்துக்கொண்டு என் பின்னால் வந்தது.

அதில் நீ இல்லை.

நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். தலைக்கு மேல் சைரன் அலறுகிறது. உன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருப்பவனின் முகம். தாடிக்காரனின் கையை விட்டுவிட்டு உன்னிடம் ஓடினேன். முதுகுக்குப் பின்னால் வந்து நின்று உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீ திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். முன்வரிசை நாற்காலி, உன் தீர்ப்புகள், தலையாட்டல், எல்லாம் ஒரு கணத்தில் என் கண் முன்னால் சரிந்து விழுந்தன.

அப்போதுதான் டிரம்ஸ் இறங்கியது. காலுக்கு அடியில் மண் அதிர்ந்தது. நீ சட்டென்று நெஞ்சில் கை வைத்தாய். நெஞ்சுவலி என்று பயந்து முன்னால் ஓடி வந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"வருது முந்திரி. இங்க வருது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாய்.

அந்தத் தாடிக்காரனுக்கு என்ன புரிந்ததோ, கூட்டத்தை விலக்கி நம்மை முன்னால் இரும்புத் தடுப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். நீ இரண்டு உள்ளங்கைகளையும் தடுப்பின் மேல் வைத்துக் கண்ணை மூடினாய். கொஞ்ச நேரத்தில் உன் விரல்கள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கின. அந்தக் காட்டுக் கூச்சலுக்கு நீ தாளம் போட்டாய், ஒரு இடத்தில்கூடத் தவறாமல். நான் பஞ்சைக் காதில் அடைக்கவும் தோன்றாமல் உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டு ஒரு கூடாரத்துக்குள் ஒதுங்கினோம். "எம்மா நாளா இப்பிடி?" என்று கேட்டேன். நீ என் உதட்டைப் பார்த்தாய். அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"ரிட்டயர்டு ஆனப்புறம் காது கொஞ்சம் கொஞ்சமா போச்சு. இப்ப சுத்தமா இல்ல."

"காதுல மிஷின் வச்சிக்கினா கேக்கும்னு சொல்றாங்களே."

"பாண்டிச்சேரி போய் வச்சுப் பாத்தேன். எல்லாச் சத்தமும் ஒண்ணா வருது. வயலின் எது, ஃபேன் எதுன்னு தெரியல. மறுபடி மைன்ஸ்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. கழட்டி வச்சுட்டேன்."

"அப்ப சபாவுல அந்தத் தீர்ப்பெல்லாம்?"

"வயலின்காரர் மூஞ்சியப் பாப்பேன்" என்றாய். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நீ சிரிக்கவில்லை. "நித்யாவுக்குத் தெரிய வேண்டாம். தனியா இருக்கக் கூடாதுன்னு இங்கயே வச்சுக்குவா. சபாவுலயும் சொல்லிடாத. அந்த நாற்காலியும் போச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு?" என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மார்கழிக் கச்சேரிகளில் நான் உன் காதானேன், சங்கீதத்தில் அட்சரம் தெரியாத நான். துண்டுக்கு அடியில் உன் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு மிருதங்கம் போகிற போக்கை விரலால் தட்டுவேன். ஜனங்கள் சொக்கிப்போனால் அழுத்துவேன். ஒரு நாள் பாதியில் தூங்கிவிட்டேன், விரல் நின்றுவிட்டது. நீ எழுந்து, "இன்னிக்கு அவ்வளவா சேரல" என்று சொல்லிவிட்டாய். பாடியவர் பெரிய வித்வான். சபாவே உன்னைத் திரும்பிப் பார்த்தது. வடக்குத்து வரும் வரைக்கும் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

அழைப்பு மணி உனக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு நமக்குள் ஒரு ஏற்பாடு. கதவு திறந்துதான் இருக்கும், விளக்கு பகலிலும் எரியும். உள்ளே வந்து சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்துப் போடுவேன், நீ திரும்புவாய். பொங்கல் முடிந்து, கரும்புச் சோகை இன்னும் தெருவில் கிடந்தது. மத்தியானம் வந்தேன். நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். சுவிட்சைத் தட்டினேன். நீ திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். கரண்டு இல்லையோ என்று நிமிர்ந்து விளக்கைத்தான் பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. என் மனசு இன்னும் அந்தச் சுவிட்சை விட்டு வரவில்லை.

நித்யா வந்து சேரும் வரைக்கும் உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். மேளக்காரர்களை யாரோ, "பெரியவங்கல்லாம் இருக்காங்க, தள்ளி நின்னு அடிங்க" என்று தெருமுனைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை. தெருமுனைக்குப் போய் அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து உன் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "இங்க அடிங்கப்பா. நல்லா இறக்கி அடிங்க" என்றேன். உன் சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நித்யா எழுந்து வந்தாள். அவளிடம் என்ன சொல்வது? உனக்குச் செய்த சத்தியம் இருக்கிறது. "அவருக்கு மேளம்னா புடிக்கும்மா" என்று மென்று விழுங்கினேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மாமா. வீடியோல பேசும்போது நான் முகத்தத் திருப்பினா அப்பா பதில் சொல்ல மாட்டார். அந்தக் கைப்பட்டைய ஆபீஸ்ல யாரும் குடுக்கல. எந்தப் பாட்டு உடம்புல கேக்கும்னு தேடித் தேடி நான்தான் வாங்கினேன். அவர் சொல்லட்டும்னு இருந்தேன்."

அடப்பாவி. நீ அவளிடம் மறைத்தாய், நான் உனக்காக மறைத்தேன், அவள் நமக்காக மறைத்தாள். நீ ஒருவன்தான் இது தெரியாமலே போய்விட்டாய். மேளம் இறங்கியது. நித்யா பெட்டியின் மேல் கையை வைத்தாள். பக்கத்தில் நானும் வைத்தேன். கண்ணாடி அதிர்ந்தது. அந்த அதிர்வு என் உள்ளங்கையில் ஏறி முழங்கை வரைக்கும் வந்தது.

இன்றைக்கும் சுரங்கத்தில் வெடி வைத்தால் இங்கே வடக்குத்தில் சைரன் மெல்லிசாகக் கேட்கும். என் வீட்டுக்காரி, "ஆரம்பிச்சிட்டாங்க" என்பாள். நான் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் கம்பி அதிரும். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. ஆனாலும் கையை எடுப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே நம் வழக்கம்.