கயிற்றில் உட்காரச் சொன்ன மதினிக்கு

மதினி,

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி நாலைந்து கோப்பிச் செடிகள் கேட்பாரற்று நிற்கின்றன. நேற்றைய மழைக்கு அவை பூத்துவிட்டன. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் மல்லிகை மாதிரியான அந்த வாசம் முகத்தில் அடித்தது. நம் தோட்டம் இருந்த ஹந்தானைச் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்த நாட்களில் நீங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இம்புட்டு வாசமா இருந்தா எனக்குச் சந்தேகமா இருக்கு" என்பீர்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கு அப்போது உங்கள் மேலேயே சந்தேகம்.

சந்தேகப்படாமல் எப்படி இருக்க முடியும்? அண்ணன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மன்னார்க் கரையில் உங்களைக் கண்டு கூட்டிக்கொண்டு வந்தான். நீங்கள் யார் பெற்ற பிள்ளை என்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடலோரத்து ஊர் என்றீர்கள். சின்ன வயதில் ஆண்களோடு நின்று கரைவலை இழுத்ததாகச் சொன்னீர்கள். வலை இழுக்கும் பெண்ணைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. உங்கள் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைக் காட்டினீர்கள். அது மண்வெட்டிக் காய்ப்பாகவும் இருக்கலாம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கங்காணி அந்தச் செய்தியைச் சொன்ன காலை நினைவிருக்கிறதா? பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்தபின்னும் அவர் எங்களை வேலைக்கு அனுப்பவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏ புள்ளைகளா, நில்லுங்க. இந்த வருசம் தொரமார் வெளையாட்டுல பொம்பளைங்களும் கயிறு இழுக்கணுமாம். நம்ம தோட்டத்துக்கும் கெலிஓயாத் தோட்டத்துக்கும் போட்டி. எட்டுப் பேரு வேணும்" என்றார்.

வருஷா வருஷம் துரைமார் குதிரை ஓட்டுவார்கள், எங்கள் ஆண்கள் கயிறு இழுப்பார்கள், நாங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். திடீரென்று எங்களை ஏன் கூப்பிட வேண்டும்? எனக்குப் பின்னால் நின்ற பாக்கியம்தான் முணுமுணுத்தாள்: "நம்ம தெம்பு எவ்வளவுன்னு அளந்து பாக்குறானுக. அப்புறம் ஸ்டோர்ல இருந்து மூட்டை தூக்க விடுவானுக. அரைச் சம்பளத்துக்கு."

அது காட்டுத்தீ மாதிரி வரிசை முழுக்கப் பரவியது. கோப்பி மூட்டையை ஸ்டோரிலிருந்து வண்டிப்பாதைக்குச் சுமந்து இறக்குவது ஆண்களின் வேலை. அந்த மூட்டையால் முதுகு போனவர்கள் எல்லா லயத்திலும் கிடந்தார்கள். பெண்ணைத் தூக்க வைத்தால் கூலி மிச்சம். பாக்கியம் சொன்னது எல்லோருக்கும் உடனே புரிந்தது.

அப்போதுதான் நீங்கள் முன்னால் போய், "நான் ஆள் சேத்துத் தாறேன். பழக்கியும் விடுறேன். ஆனா சாயங்காலம் வெளிச்சம் இருக்கையிலேயே எங்கள விட்டுடணும்" என்றீர்கள். கங்காணி தலையை ஆட்டினார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், கங்காணியோடு நிபந்தனை பேசுகிறாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நீங்கள் கேட்டதால் நான் வரவில்லை, மதினி. உங்களைக் கிட்ட இருந்து கவனிக்கலாம் என்றுதான் வந்தேன். பாக்கியமும் அதற்காகத்தான் வந்தாள்.

முதல் நாள் கயிற்றையே காட்டவில்லை. உங்களைத் தவிர்த்த எங்கள் ஏழு பேரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, வெறுங்கையோடு பின்னால் சாயச் சொன்னீர்கள். விழுந்து எழுந்து ஒருத்தியை ஒருத்தி திட்டினோம். "விழுங்க. பின்னால நிக்கிறவ தாங்குறாளா இல்லையான்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கங்க" என்றீர்கள். எனக்குப் பின்னால் நின்றது பாக்கியம். அவள் தாங்குவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் தடவை தாங்கவும் இல்லை. முதுகு தரையில் அறைந்தது. இரண்டாம் தடவை அவள் முழங்காலை மடித்து என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

கயிறு வந்தபின் எங்கள் எல்லோருக்கும் ஒரே தப்பு. கையால் இழுத்தோம். நீங்கள் வரிசையோடு நடந்து ஒவ்வொருத்தி முழங்கையையும் தட்டி, "இழுக்காதீங்கடி, உக்காருங்க. கயித்துல உக்காருங்க. கை சும்மா புடிச்சிருக்கட்டும், ஒடம்பு போகட்டும்" என்பீர்கள். பிறகு ஒரு குரல் கொடுப்பீர்கள். நீளமாகத் தொடங்கி, சட்டென்று வெட்டும் குரல். வெட்டும் இடத்தில் எல்லோர் குதிகாலும் ஒன்றாக மண்ணில் இறங்க வேண்டும். ஒருத்தி முந்தினால் கயிறு துள்ளும். யார் முந்தினாள் என்று நீங்கள் ஒரு நாளும் பெயர் சொல்லவில்லை. "கயிறு சொல்லிருச்சு" என்று மட்டும் சொல்வீர்கள்.

ஆண்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேலி செய்தார்கள். பாக்கியத்தின் மாமியார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அண்ணன்கூட, "ஏன் இவளுக்கு இந்த வேலை?" என்று என்னிடம்தான் கேட்டான். எனக்கு மட்டும் தெரியுமா?

ஒரு சாயங்காலம் நீங்கள் கங்காணி வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தேன். பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்க வந்த உங்களை மறித்தேன்.

"அங்க எதுக்குப் போனீங்க மதினி?"

"கேக்கப் போனேன்."

"என்னத்த?"

"மூட்டை தூக்க விடத்தான் இந்தக் கூத்தான்னு நேராவே கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. பதில் சொல்லல." குடத்தைக் கீழே வைத்தீர்கள். "அப்ப அதுதான்."

எனக்குக் கோபம் பொங்கியது. "தெரிஞ்சுக்கிட்டே எங்கள இழுக்க விடுறீங்களா?"

"நாம இழுக்காட்டி மூட்டை வராதா புள்ள? வரத்தான் போவுது. வர்ற அன்னைக்கு எட்டுப் பேரும் ஆளுக்கொரு மூலையில நிக்கணுமா, ஒண்ணா நிக்கணுமா?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே நான் நம்பவில்லை. பாக்கியத்திடம் சொன்னேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் மறுநாள் இருவரும் கயிற்றடிக்கு வந்தோம்.

போட்டி ஆற்றோரத் திடலில் நடந்தது. கெலிஓயாப் பெண்கள் எங்களைவிடத் திடமானவர்கள். அவர்கள் முகத்திலும் எங்கள் முகத்திலிருந்த அதே கேள்வி. அவர்கள் வரிசையில் முதலாவதாக நின்ற உயரமான ஒருத்தி உங்களைப் பார்த்து, "நீங்களும் மூட்டைக்குத்தானா?" என்று கேட்டாள். நீங்கள் தலையசைத்தீர்கள்.

முதல் இழுப்பில் தோற்றோம். துரைமார் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார்கள். நீங்கள் எங்களைத் திட்டவில்லை. முன்னால் நின்ற இடத்தை விட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு கயிற்றை இடுப்பில் சுற்றினீர்கள். இரண்டாவது இழுப்பில் உங்கள் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூச்சு, கால், மண். வேறெதுவும் அப்போது இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு அடி எங்களை நோக்கி நகர்ந்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவது இழுப்பிலும் வென்றோம். பாக்கியம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலிக்கு அந்தப்பக்கம் கேலி செய்த ஆண்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள்.

துரைசானி ஆளுக்கொரு சேலைத்துணி கொடுத்தாள். நான் அதைப் பார்க்கவில்லை. கங்காணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் எங்கள் முகத்தில் இல்லை, தோளில் இருந்தது.

அடுத்த பழக்காலத்தில் மூட்டை வந்தது. ஸ்டோர் வாசலில் நிறுத்தி, "கயிறு இழுத்த கைதானே, தூக்குங்க" என்றார் கங்காணி. எங்கள் எட்டுப் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார். நாங்கள் பணிந்தால் மற்றவர்களும் பணிவார்கள் என்பது அவர் எண்ணம்.

நீங்கள் சத்தமாகக் குரல் கொடுக்கவில்லை. வாய்க்குள்தான் கொடுத்தீர்கள். வெட்டும் இடத்தில் எட்டுப் பேரும் பாதையில் உட்கார்ந்தோம். தோளோடு தோள் ஒட்டி, குதிகாலை ஊன்றி. யாரும் முந்தவில்லை. எங்களுக்குப் பின்னால் பழம் பறிக்கும் கூடையோடு நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். மலையில் பழம் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. கங்காணி கத்தினார், பிரம்பைத் தரையில் அடித்தார், கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். உச்சிவெயில் வந்ததும் மூட்டை தூக்க ஆண்களுக்கு ஆளனுப்பினார்.

எங்களுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. உங்களுக்கும் அண்ணனுக்கும் லயத்தில் ஒழுகுகிற கடைசிக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, மாற்றிக் கொடுத்தார்கள். நீங்கள் ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, "மூட்டைய விட இது லேசு" என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்களை நம்பத் தொடங்கினேன். முழுசாக இல்லை. பாதி.

மீதிப் பாதிக்குக் காலம் கிடைக்கவில்லை. கோப்பி இலையில் நோய் வந்து மஞ்சள் தூள் படிந்து செடி செடியாகச் செத்தது. தோட்டம் ஆளைக் குறைத்தது. நான் கண்டிக்கு வந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். இங்கேதான் எழுத்தும் பழகினேன். நீங்களும் அண்ணனும் கால்நடையாக ஊருக்குக் கிளம்பினீர்கள். வடக்கே போகும் பாதையில் கலகெதர வரை கூட வந்தேன். "திரும்பிப் போ. இருட்டுறதுக்குள்ள போயிரு" என்றீர்கள். அவ்வளவுதான்.

வழியில் பேதி கண்டு நீங்கள் போய்விட்டதாக அண்ணன் ஆளிடம் சொல்லியனுப்பினான். நான் நம்பவில்லை. வடக்கேயிருந்து வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் விசாரித்தேன். கடைசியில் கெலிஓயாவின் அந்த உயரமான பெண் என்னைத் தேடி வந்தாள். அவளும் அதே கூட்டத்தில் நடந்து, பாதி வழியில் திரும்பியவளாம். "எம் மடியிலதான் தலை இருந்துச்சு" என்றாள். அவள் சொன்னபோது கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பொய் இல்லை. அப்புறம்தான் அழுதேன்.

இப்போது பள்ளிக்கூடத்துத் துரைசானி, விழாவுக்குப் பெண்பிள்ளைகள் கயிறு இழுக்கட்டும் என்கிறார். பழக்கச் சொல்லி என்னைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்டேன். உடம்புக்கு நல்லது என்றார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பின்னால் சாயச் சொன்னேன்.

போன வாரம் ஒரு பிள்ளையின் தாய் வந்து மாமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்தான். "படிக்க விட்ட புள்ளைய மாடு மாதிரி இழுக்க விடுறீங்களாமே. எதுக்கு?" என்று கேட்டார்.

"எனக்கும் முழுசாத் தெரியாதும்மா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் நின்னு பாருங்க" என்றேன்.

நின்றார். என்னையேதான் பார்த்தார், பிள்ளையை அல்ல. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பிள்ளைகள் இழுத்தார்கள். அவர் மகள் தலையைக் குனிந்து தடுமாறினாள். சட்டென்று கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "தலையத் தூக்குடி! முன்னாடி நிக்கிறவ முதுகப் பாரு!" என்று மரத்தடியிலிருந்தே கத்தினார். பிறகு வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் என்னை இன்னும் நம்பவில்லை. நம்பச் சொல்லி நானும் கேட்கவில்லை, மதினி. வரிசைக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.