சத்தமில்லாத மொறிஸ் மைனர்

3.6.1982

காலையில் காரின் காபரேற்றர் அடைத்துக்கொண்டது. கழற்றி ஊதிப் பூட்டினேன். வாடகைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பரந்தனுக்கு ஒரு ஹயர், பெரியாஸ்பத்திரிக்கு ஒரு ஹயர். பின்னேரம் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தால், பத்மா முற்றம் கூட்டி, தலை வாரி இழுத்து, நல்ல சீலை உடுத்து நிற்கிறாள். கோயிலில் ஏதும் விசேஷமோ என்று கேட்டேன்.

"யோகன் மச்சான் குவைத்தாலை வந்திட்டாராம்" என்றாள்.

யோகநாதன் அவளுடைய மாமன் மகன். எனக்கு முதல் அவனுக்குத்தான் அவளைப் பேசினார்கள். பிறகு அது குழம்பியது. ஏன் குழம்பியது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. வெளிநாடு போகிற அவசரத்தில் அவன் வேண்டாம் என்றிருப்பான், அதனால்தான் எனக்குக் கிடைத்தாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல சீலையாம். மச்சானாம். சரி.

6.6.1982

ஞாயிறு. அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். பத்மா கோழி சமைத்தாள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் விட்டு எழும்பியபோது ரசமும் சோறும்தான்.

அவனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. பாரம் தூக்கும் வண்டிகள் இருக்கின்றனவாம், பற்றரியில் ஓடுமாம், புகையும் இல்லை சத்தமும் இல்லையாம். கழித்துவிட்ட வண்டி ஒன்றின் மோட்டரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். ஏரம்பரின் நெல் மில்லில் எஞ்சின் இல்லாமல் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறதே, அதற்குள் பூட்டப் போகிறானாம்.

"பற்றரியிலை கார் ஓடுமே, மச்சான்?" என்று நாடியில் கைவைத்துக் கேட்டாள் பத்மா. அவன் கறிக்கோப்பையையும் தண்ணிச் செம்பையும் நகர்த்தி நகர்த்தி விளங்கப்படுத்தினான். அவள் சோறு போடவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். கார் எப்படி ஓடுகிறது என்று என்னிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

15.6.1982

கார் ஸ்ராண்டில், என்னைப்போல ஹயர் ஓடுகிற அப்புத்துரை வாயைத் திறந்துவிட்டான். "சின்னராசா, உன்ரை மனிசியின்ரை மச்சான் பெற்றோல் குடிக்காத கார் விடப்போறாராம். நாங்கள் இனி என்ன, தோட்டம் கொத்திறதோ?"

அது மில் வாசலைத் தாண்டினால் நான் மீசையை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைத்தேன், மீசையை ஏன் இழுத்தேன் என்று.

18.6.1982

பத்மா இன்றைக்கும் மில்லுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். மில் வாசலில் தேத்தண்ணிக் கடை இல்லையோ?

4.7.1982

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

கார் ஓடும் என்று யோகநாதன் சொல்லி அனுப்பியிருந்தான். ஸ்திரி போட்ட சேட்டோடு போனேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், முதலில் ஓட்டிப் பார்க்க என்னைத்தான் கேட்பான் என்று நினைத்துத்தான் போனேன். கிளிநொச்சியில் வேறு யாரைக் கேட்பது? மில்லில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஏரம்பர் கதிரை போட்டு இருந்தார். மூட்டை தூக்குகிற ஆட்களெல்லாம் வேலையை விட்டு வந்து நின்றார்கள். அப்புத்துரையும் வந்திருந்தான். பத்மா எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

மைனரின் பின்சீற்று இருந்த இடமெல்லாம் லொறி பற்றரி. முன்னால் எஞ்சின் இருந்த இடத்திலும் பற்றரி. பின்னால், பற்றரிகளுக்கு நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி இருக்கிற இடம் மட்டும் விட்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"மச்சாள், நீர் ஏறும்" என்றான் பத்மாவைப் பார்த்து.

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

"கார் ஓடத் தெரிஞ்ச ஆள் ஏறினால் கால் கிளச்சைத் தேடும், அண்ணை. இதிலை கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. ஒண்டும் தெரியாத ஆள் ஓடிக் காட்டினால்தான் இது நல்ல கார் எண்டு அர்த்தம்."

நியாயம்தான். நியாயமாக இருக்கிறபடியால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஊர் பார்க்க நான் அடி எடுத்து வைத்தேனே, அந்தக் காலை என்ன செய்வது?

பத்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருக்கா எண்டாலும் என்ரை முகத்தைப் பாத்திருக்கலாம். சீலையை ஒதுக்கிச் செருகிக்கொண்டு, தினமும் ஏறுகிறவள்போல ஏறி இருந்தாள். அவன் இடப்பக்கம் ஏறினான். ஒரு சத்தமும் இல்லை. கார் நிற்கிறது என்றுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அது போய்க்கொண்டிருந்தது. சக்கரத்துக்குள் உமி நெரிவது மட்டும் கேட்டது. தளத்தைச் சுற்றி வந்தாள், திரும்பவும் சுற்றி வந்தாள். என்னைக் கடந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகத்தை நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து கலியாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. பிள்ளைகள் பிறந்தபோது சந்தோஷப்பட்டாள்தான், ஆனால் அது வேறு. இது... பக்கத்தில் அவன் இருந்தான். பிறகு நான் என்னத்தை நினைக்கிறது?

5.7.1982

அவனுக்குத் தலைமயிரும் இல்லை. எனக்கு இருக்கிறது.

9.7.1982

பரந்தன் ஹயர் என்று சொல்லிப்போட்டு, காரை மில்லுக்குப் பின்னால் விட்டு வேலிக்குள்ளால் பார்த்தேன். இந்த வயதில் வேலிக்குள்ளால் பார்க்கிறேன். எழுதவே கூசுகிறது.

பத்மா தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேம்பின் கீழே குந்தியிருந்து கழற்றிப்போட்ட பழைய பற்றரி ஒன்றுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தான், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் தளத்தின் மூலையில் பின்னால் எடுத்து, திருப்பி, நேராக்கி, திரும்பவும் போனாள். அதே முகம்.

அவன் பார்க்கவேயில்லை என்று கண்ணால் கண்டேன். பிறகும் ஏன் எனக்கு ஆறவில்லை?

16.7.1982

வெள்ளிக்கிழமை. முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் எந்த வாகனத்தையும் றோட்டில் விடுவதில்லை. பற்றரி வண்டி என்றாலும் பிள்ளையாருக்கு எல்லாம் ஒன்றுதான். "கண்டி றோட்டிலை நீங்கள்தான் ஓடவேணும், அண்ணை" என்றான் யோகநாதன். எனக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்தது என்று காட்டவில்லை.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை. காலை வைத்தேன், போகிறது. அவ்வளவுதான். அவன் சொன்னதுபோலவே இடக்கால் கிளச்சைத் தேடிக்கொண்டே இருந்தது, ஆனால் இரணைமடுச் சந்தி தாண்ட அதுவும் அடங்கிவிட்டது. ரயர் தாரில் உரஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் பற்றரிகளுக்கு நடுவில் ஒடுங்கி இருந்த பத்மாவின் காப்புக் குலுங்கியது கேட்டது. இந்த றோட்டில் எத்தனை வருஷம் போய்வந்திருக்கிறேன், காட்டுக்குள் இவ்வளவு குருவி கத்துகிறது என்று தெரியாது. ஆசை பிடித்துவிட்டது. இது ஏன் என் தலையில் உதிக்கவில்லை? நானும் குவைத்துக்குப் போயிருந்தால்?

"எப்பிடி, அண்ணை?" என்று கேட்டான்.

"பாரமாய்க் கிடக்கு" என்றேன். நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

முறிகண்டியில் இரண்டு பஸ் நின்றது. சனம் சுற்றிவர நின்றது. ஐயர் சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி, ஒதுங்கிக்கொண்டு, "ஸ்ராட் பண்ணுங்கோ" என்றார். சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. "எடுபடேல்லைப் போல" என்று பஸ்காரர் யாரோ சொல்ல, சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் கால்களுக்கு எல்லாம் மறந்துபோனது. எத்தனை பூசைக்கு இதே இடத்தில் எஞ்சினை உறுமவிட்டிருக்கிறேன். இடக்கால் இல்லாத கிளச்சை நிலத்தோடு மிதித்தது. வலக்கால் றேஸ் கொடுத்தது.

பெற்றோல் கார் என்றால் நின்ற இடத்தில் உறுமியிருக்கும். இது தேசிக்காயை நசித்துக்கொண்டு பாய்ந்துபோய்த் தேங்காய் உடைக்கிற கல்லில் அடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, பிள்ளையார் காப்பாற்றினார். முன்னால் இருந்த பற்றரிகள் வெடித்து அசிட் ஒழுகியது.

இறங்கி நின்று, "கார்ப் பிழை" என்றேன்.

யோகநாதன் கார் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். பத்மாதான் பேசினாள், அத்தனை சனத்துக்கும் நடுவில்.

"கார்ப் பிழை இல்லை."

18.7.1982

சாப்பாடு மேசையில் இருக்கும். பத்மா என்னோடு கதை பேச்சு இல்லை.

21.7.1982

ஸ்ராண்டில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத மாட்டேன். மீசையையும் அப்புத்துரை ஞாபகப்படுத்தினான். ஏரம்பர் மைனரை ட்ரக்டரில் கட்டி இழுத்து வந்து பழைய இடத்திலேயே விட்டிருக்கிறார். உடைந்த பற்றரிகளுக்கு இனி மாற்று எடுக்க யோகநாதனுக்கு நாளும் இல்லை. லீவு முடிகிறதாம்.

சந்தோஷம் வந்தது. வந்தது என்பதை மறைக்கவில்லை. பத்மா கிணற்றடியில் நின்று மில் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கண்டபோது சந்தோஷமும் கைத்துப்போனது. ஆளை நினைத்துத்தான் பார்க்கிறாளோ? கேட்க வாய் வருகுதில்லை. கேட்டு, ஓம் எண்டு சொன்னால்?

6.8.1982

அவனை ஸ்ரேஷனில் விட நான்தான் போனேன். பத்மா வரவில்லை, வீட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். பலகாரப் பெட்டியை நீட்டி, "போட்டு வாங்கோ, மச்சான்" என்றாள். அவ்வளவுதான். கண் கலங்குகிறதா என்று பார்த்தேன். கலங்கவில்லை.

வழியில் நானே தொடங்கினேன். "தம்பி, முறிகண்டியிலை நான் சொன்னது பிழை. என்ரை கால்தான்."

"தெரியும், அண்ணை. விடுங்கோ."

கொஞ்சத் தூரம் போன பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"ஒண்டு சொல்லட்டே, அண்ணை? கோவிக்கப்படாது. எங்கடை பேச்சுக் குழம்பினது என்னாலை எண்டுதானே நினைச்சுக்கொண்டிருக்கிறியள்? நான் ஓம் எண்டுதான் நிண்டனான். மச்சாள்தான் மாட்டன் எண்டவா."

பிறேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த ட்ரக்டர்காரன் ஏசிக்கொண்டு விலத்திப் போனான்.

"ஏனாம்?"

"உங்கடை சம்பந்தமும் அப்பதான் வந்தது. கட்டினால் அந்தக் கார்காரரைத்தான் கட்டுவன், அவர் எனக்கும் ஓடப் பழக்குவார் எண்டு மாமியிட்டைச் சொன்னவா. எனக்குச் சரியான கோவம். என்னட்டை அப்ப சைக்கிளும் இல்லை." சிரித்தான். "அதுதான் கார் ஓடின உடனை முதல் ஏறும் எண்டு அவவைச் சொன்னனான். இன்னும் பழகேல்லை எண்டு கேட்க எனக்கே ஒரு மாதிரியாய்ப் போச்சு."

நான் சிரிக்கவில்லை.

ரயில் போன பிறகும் காருக்குள்ளேயே இருந்தேன். அப்ப நான் ஆர்? இந்தத் தகரத்தோடு சேர்ந்து வந்த ஆளோ? பொறாமைப்பட ஆள் தேடி மில் வேலி வரைக்கும் போனேனே. அது என் முற்றத்தில் நின்றிருக்கிறது. நானே நாள்தோறும் தண்ணி அடித்துக் கழுவித் துடைத்திருக்கிறேன்.

8.8.1982

பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, குசினி வாசலில் நின்று சாவியை நீட்டினேன். அவள் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"உனக்கு இவ்வளவு விருப்பம் எண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான். கலியாணம் முடிஞ்ச முதல் கிழமை. நீங்கள் சிரிச்சியள்."

எனக்கு ஞாபகமே இல்லை. சிரித்திருப்பேன். மில்லிலும் சிரித்தேன்தானே.

"இப்ப சிரிக்கேல்லை" என்றேன்.

வாய்க்கால் றோட்டில் கொண்டுபோய் இடம் மாறி இருந்தேன். என் ஒஸ்ரின் காரில் இடப்பக்கச் சீற்றில் நான் இருந்தது இதுதான் முதல் தரம். பலகைபோல இருக்கிறது, ஆட்கள் எப்படித்தான் இருக்கிறார்களோ. கியர் கத்தியது. கார் துள்ளி நின்றது. திரும்ப எடுத்தாள், திரும்ப நின்றது. நான் கிளச், கிளச் என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒருமாதிரி ஓடத் தொடங்கியதும், இடப்பக்கம் பிடி, வண்டில் வருகுது, ஹோன் அடி என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ. நான் றோட்டைப் பாக்கவேணும்."

பேசாமல் இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அதே முகம். பக்கத்தில் இருந்தது நான். எனக்காக வந்த முகம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தும்மினேன், அப்போதும் அது என் பக்கம் திரும்பவில்லை.

யோகநாதனுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். உமது கார் நல்ல கார் என்று.

12.11.1982

காலையில் இருந்து மழை. பத்மா பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்குத் தமக்கை வீட்டுக்குக் காரைக் கொண்டுபோனாள். லைசென்ஸ் எடுத்த பிறகு தூரத்துக்குப் போனது இதுதான் முதல் தரம். நான் சைக்கிளில் ஸ்ராண்டுக்குப் போனேன். "கார் எங்கை?" என்று அப்புத்துரை கேட்டான். "பத்மாவோடை போயிட்டுது" என்றேன். என்ன செய்வது, உண்மை அதுதானே.

பொழுதுபடுகிற நேரம் வாசலில் நின்றேன். குடையும் பிடிக்காமல் நின்றேன் என்று இப்போதுதான் தெரிகிறது, சேட் நனைந்திருக்கிறது. சத்தம் தூரத்திலேயே கேட்டது. என் கார், எனக்குத் தெரியாதா? மதகு ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினாள். ஏறி முடிய மூன்றில் போட்டாள். அந்த இடத்தில் அது எப்போதும் ஒருதரம் கத்தும், பழைய கியர்ப்பெட்டி, அப்படித்தான் கத்தும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கத்தவில்லை. எனக்கு ஒரு நாளும் கியர் அப்படி விழுந்ததில்லை.