கிணத்துக்கடவில் கழற்றி வைத்த டாப்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. முருங்கைக் கிளை முறிந்து ஜீப் மேல். கீறல் இல்லை.

லீவு ஞாயிறோடு முடிகிறது. திங்கள் சேர வேண்டும்.

இவர் காலேஜுக்குக் கிளம்பிய பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஆறு. ஆறிலேயே கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. இறங்கி வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தார். சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

லிஃப்டில் மாட்டியது ஏப்ரலில். நாத்தனாரின் புது அபார்ட்மெண்ட். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே கரண்ட் போய், உள்ளே நானும் ஒரு தூக்குப்போசி ரசமும். இருபது நிமிடம்தான். அன்றிலிருந்து மூடின வண்டி எதுவும் ஆகவில்லை. பதினேழு வருடமாக மாட்டு டாக்டர். முட்ட வரும் எருமைக்கு நகராதவள். சொன்னால் சிரிப்பார்கள். முதுகு வலி என்று சொல்லித்தான் லீவு. இவரிடமும் அதே முதுகு வலி.

பால் சொசைட்டி செயலாளர் போன். திங்கள் ரவுண்டுக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, ஆபீஸில் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார். "நல்ல ஏசி ரூமுங்க டாக்டர்." நல்லதாம். சன்னலே திறக்காத அறை அது. எனக்குத் தெரியும்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், சீப்பு, இவருக்குக் கைக்குட்டை.

ஜூன் 4, புதன்

மேகம். மழை இல்லை.

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் பல் விளக்கும்போது ஞாபகம் வந்தது. இந்த ஜீப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது விற்றவர் சொன்னார்: மேல் டாப் கழட்டற மாதிரிங்க, ஃபைபர், ஆறு போல்ட்டுதான். நாலு வருடத்தில் ஒரு நாள்கூடக் கழற்றவில்லை.

கழற்றினால் என்ன?

இவரிடம் சொன்னேன். காத்தாட ஓட்டணும் என்று. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. ஏன் என்று கேட்கவில்லை. வண்டிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை படித்தார். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார். காலேஜ் லேபில் இருக்கிறவர், எதற்கும் சீட்டு ஒட்ட வேண்டும். அவர் எழுதித் தந்தது:

போல்ட் 6 (இடம் 3, வலம் 3)
பின் வைப்பருக்குப் போகும் ஒயர், ஒரு கனெக்டர். முதலில் இதைக் கழற்ற வேண்டும் (இரண்டு கோடு போட்டிருக்கிறார்)
தண்ணீர் பீய்ச்சும் டியூப்
தூக்க ஆள் 4, மூலைக்கு ஒருவர்

வைக்க இடம்? நம் போர்டிகோவில் ஆகாது. மாடிப்படி குறுகல். கிணத்துக்கடவில் அண்ணன் தோட்டத்துக் கொப்பரைக் கொட்டாய்தான். போன் போட்டேன். "ஏங்கண்ணு, மழை வர்ற நேரத்துல கூரையப் பிரிக்கறயா" என்றான். பின்னாலிருந்து அண்ணி, தலைமுடியெல்லாம் சிக்காகிவிடும் என்றார். சரி என்றேன் இரண்டு பேருக்கும்.

ஜூன் 5, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது.

போல்ட் அசையவில்லை. சாதாரண ஸ்பேனர் ஏறாதாம், நட்சத்திரத் தலை. உக்கடத்தில் ரஹீம் பாய் பட்டறைக்குப் போனேன். டவுன் பஸ். ஜன்னல் சீட் கிடைக்கும்வரை இரண்டு பஸ்ஸை விட்டேன்.

பாய் பெட்டியைக் கிளறி ஸ்டார் பிட் எடுத்துக் கொடுத்தார், திருப்பித் தந்தால் போதும் என்று. பிறகு டாப்பை எப்படி வைப்பது என்று பாடம். தரையில் வைக்கக் கூடாது, பழைய டயர் மேல். கண்ணாடிப் பக்கம் சாய்க்கவே கூடாது. பாலிதீன் சுற்றினால் உள்ளே வேர்த்துவிடும், பருத்தித் துணிதான். ஓரத்து ரப்பர் பீடிங்கை எலி தின்னும்.

"எல்லாரும் வெயில் காலத்துல கழட்டுவாங்கம்மா. நீங்க ஏன் இப்ப?"

சொல்லிவிட இருந்தேன். வாய் வரை வந்தது. அதற்குள் யாரோ ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

இன்று ஜீப்பில் உட்காரவில்லை. தைரியம் வரவில்லை.

ஜூன் 7, சனி

பொள்ளாச்சி ரோட்டில் மண் பறக்கிற காற்று. இவர் ஜீப்பில், நான் பஸ்ஸில். ஒரே வீட்டிலிருந்து ஒரே ஊருக்கு. முதுகுக்குக் குலுக்கல் ஆகாது என்று காரணம். பஸ் குலுக்காதா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

களத்தில் எல்லாம் தயார். நாலு டயர், அண்ணியின் பழைய நூல் சேலை இரண்டு. மோட்டார் தூக்கும் செயின் பிளாக்கைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிப் போயிருந்தார். அதனால் கையால்தான். ஆள்: அண்ணன், டிராக்டர் ஓட்டும் பழனிச்சாமி, காய் பறிக்கும் மாரி. மூன்று.

நாலாவது ஆள் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் காபியோடு. இவர்தான், வீட்டு மாப்பிள்ளை. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் அவரை ஒரு செம்பைத் தூக்க விட்டதில்லை. வண்டிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். எழுந்தார். அண்ணன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். மறுபடி எழுந்தார். அண்ணி பலகாரத் தட்டை மடியில் வைத்துவிட்டார்.

நாலாவது மூலை எனக்கு.

போல்ட் ஆறும் பாய் கொடுத்த பிட்டில் அழகாகக் கழன்றன. இரண்டு கோடு போட்ட சீட்டு என் பையிலேயே கிடந்தது. எல்லோருடைய கண்ணும் கண்ணாடி மேல். கண்ணாடி ஜாக்கிரதை என்று ஆளுக்கு இரண்டு முறை. நாற்காலியிலிருந்து மெல்லிசாக ஒரு குரல்: "மச்சான், அந்தப் பின்னாடி ஒயரு..."

"நீங்க காபி ஆறிப்போகுது, குடிங்க மாப்பிள்ளை."

குடித்தார்.

தூக்கினோம். ஒரு சாண் ஏறியிருக்கும். ஒயர் விறைத்துப் பின்பக்கத்தை இழுத்தது, மாரியின் கை நழுவியது. டாப் ஒரு மூலையில், பக்கத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரின் கொக்கியில் இடித்தது. சுரைக்காய் பிளக்கிற மாதிரி சத்தம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. போல்ட் ஏறும் மூலைதான் விரிந்துவிட்டது. ஒயரும் அறுந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது போட்டி. "என்ற கைதானுங்க" என்றான் மாரி. இல்லை, டிரெய்லரை அங்கே நிறுத்தியது நான்தான் என்றான் பழனிச்சாமி. அண்ணன் தன் தப்பு என்றான். அண்ணி காபி கொடுத்தது தப்பாம். இவர் குனிந்து கழன்ற போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல்.

டயர் மேல் வைத்து, சேலை போர்த்தியாயிற்று. ஃபைபர் ஒட்டுகிறவர் பொள்ளாச்சியிலிருந்து வர இரண்டு வாரமாம். அதுவரை டாப்பை மாட்டவே முடியாது. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி யாரும் திருப்பி மாட்டு என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு. தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. முன்னால் கோழி லாரி, இறகு வந்து முகத்தில் அப்பியது. தூசி, நாற்றம், எல்லாம் நன்றாக இருந்தது. ஈச்சனாரி தாண்டும்போது அழுதுவிட்டேன். இவர் அந்தப் பக்கம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஒயர் இருக்கிறது என்று கத்திச் சொல்வதற்கென்ன?

"உங்கண்ணன் ஊட்ல நான் சத்தம் போட முடியுமா?"

போல்ட் ஆறையும் மாத்திரை டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டி பீரோவில் வைத்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மழைக் கருக்கல். பாலக்காட்டுப் பக்கம் மின்னுகிறது.

அண்ணன் போன் மூன்று முறை. டாப் சௌக்கியமாம். எலிக்குப் பூனையைக் கொட்டாயில் விட்டிருக்கிறானாம். மூன்றாவது தடவை: பூனை டாப்புக்குள் தூங்குகிறது, எழுப்பலாமா? ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளைப் பற்றிப் பேசுகிற தொனி. பாவமாக இருந்தது.

நான்கு மணிக்குத் தூறல். இவர் ஜீப்புக்கு நீலத் தார்ப்பாய் கட்டினார். மழை வலுத்தால் இதைக் கட்டி ஓட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது எனக்கு. அவர் உள்ளே போனதும் தார்ப்பாய்க்குள் நுழைந்து சீட்டில் உட்கார்ந்தேன். நீல இருட்டு. எண்ணினேன்.

நான்கு.

குறைந்திருக்கிறது. டாப்பைக் கழற்றினால் பயமும் கழன்றுவிடும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அது உள்ளே அப்படியே இருக்கிறது. கோபம் வந்தது. தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து வெளியிலிருந்து தூக்கிப் பிடித்தார்.

"பஸ்ல ஜன்னல் சீட் இல்லீன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிக்கற. அது முதுகு வலியில்லீன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கிறது. ஏப்ரலிலிருந்தே. நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாராம். சொன்னேன். ரசத்திலிருந்து ஆரம்பித்து எல்லாம். நனைந்துகொண்டே நின்று கேட்டார். டாக்டரைப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றேன். செயலாளருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மாட்டை விட்டுவிட்டு ஏசி அறையில் நான் என்ன செய்வேன்?

ரெயின்கோட் தேடி எடுத்தேன். கக்கத்தில் கிழிசல்.

ஜூன் 9, திங்கள்

5.40. தூறல். செயலாளர் போன். காரமடை தாண்டி ஒரு தோட்டத்தில் கன்று போட முடியாமல் பசு ராத்திரியிலிருந்து நிற்கிறது. தலையீற்று. வேறு டாக்டரை அனுப்பட்டுமா என்றார்.

"வாரேன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் வானத்தைப் பார்த்தேன்.

மருந்துச் சாமான்களை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து இவர் கட்டிக் கொடுத்தார். கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மழையில் திறந்த ஜீப்பில் ரெயின்கோட் போட்ட பொம்பளை. பார்க்கட்டும்.

ஒன்றை மறந்திருந்தேன். அந்தத் தோட்டத்துக்குப் போக ரயில் பாலத்தடியில் நுழைய வேண்டும். ஒரு வண்டி அகலம், கணுக்கால் தண்ணீர். பாதி போனதும் முன்னால் வைக்கோல் வண்டி நின்றுவிட்டது. மேலே கான்கிரீட். பின்னால் ஹாரன். எண்ணினேன். நான்கு, ஆறு, பத்து. கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. பதினைந்தில் இறங்கி ஓடிவிடலாம் என்று காலைத் தூக்கினேன். டிரம்மைப் பார்த்தேன். காலை உள்ளே வைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு. வண்டி நகர்ந்தது.

செவலைப் பசு. திறந்த களத்தில் வேப்பமரத்தடியில், மழையிலேயே. கன்றின் முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. முக்கால் மணி நேரம். கிடாரி. கன்று மூச்சு விடக் கொஞ்சம் யோசித்தது, பிறகு விட்டது.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த வீட்டு அம்மா கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, வண்டிக்கு மேல ஒண்ணுமே இல்லீங்களே?"

"இருக்குங்க. எங்கண்ணன் ஊட்ல கழட்டி வெச்சிருக்குது." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மூடுன வண்டில உக்காந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார்.

"எங்க செவலையும் அப்படித்தானுங்க. கொட்டாய்க்குள்ள கட்டுனா நிக்காது. நாங்க வெளியவே கட்டிப்போடறமுங்க."

காலி உரச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துவிட்டார், கொங்காடை மாதிரி. ரெயின்கோட்டைவிட நன்றாக இருக்கிறது.

திரும்பும்போது அதே பாலத்தடி. முன்னால் வண்டி எதுவும் இல்லை. இருந்தும் எண்ணினேன். பதினொன்றில் மழை முகத்தில் அடித்தது.