காற்றுக்கு ஒரு சாட்சி

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் குடலும் இப்போது நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அவரவர் குடலோடு நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாவது கேட்டால் கண்ணு மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள். உன் அப்பா ஐம்பத்தேழு வயதில், மகள் வயசுள்ள ஒரு டாக்டர் பெண்ணிடம், விடாத குசுவை விட்டதாகப் பொய் சொன்னான். எதற்கு? ஒரு டம்ளர் காபிக்கு.

நீ புது வேலையில் சேர்ந்த நேரம், லீவும் கிடைக்காது, தெரிந்தால் அழுதுகொண்டிருப்பாய் என்றுதான் சொல்லவில்லை, அம்மாவைத் திட்டாதே, யோசனை என்னுடையது. போன மாதம் எனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வீட்டில் நீ ஒரு வால் இருந்தது போதாதென்று எனக்குள்ளேயும் ஒன்று இருந்திருக்கிறது பார். வயிற்றைத் திறந்து, கழுவி, தைத்து மூடினார்கள், அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது, கூத்து அதற்கப்புறம்தான். ஆபரேஷனில் தூங்கிப்போன குடல் விழித்துக்கொண்டதற்கு அடையாளம் காற்று பிரிவதாம், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாதாம். விடிந்தால் நர்ஸ் வந்து போச்சா, டாக்டர் வந்து போச்சா, தரை துடைக்கிற அம்மாகூடக் குச்சியை ஊன்றி நின்றுகொண்டு இன்னுமா போகலை என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரையே உட்கார வைத்துத் தெரியுதா தெரியுதா என்று கேட்டவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

படுத்தபடி நான் நினைத்ததெல்லாம் உன்னைத்தான். நீ மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம், உனக்கு ஞாபகம் இருக்காது. சாயங்காலம் ஆனால் வயிறு உப்பிக்கொண்டு வீல் என்று கத்துவாய். அம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைப்பாள், நான் உன் இரண்டு காலையும் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டுவேன், கீழே லென்ஸ் தேய்க்கிற மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் அந்தக் கையகல உடம்பிலிருந்து ஒரு சத்தம் வரும் பார், நாங்கள் இரண்டு பேரும் கைதட்டுவோம், நீ பல்லில்லாமல் சிரிப்பாய். பிற்பாடு சொந்த வீடு வந்தது, உனக்குப் பட்டம் வந்தது, எதற்கும் அப்படிக் கைதட்டின ஞாபகம் இல்லை.

சரி, பொய்க்கு வருகிறேன். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் காபியில் பன்னைத் தோய்த்தார், எனக்குப் பொறுக்கவில்லை, டாக்டரிடம் போச்சு, ரெண்டு தடவை என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டு, அழுதுகொண்டே, போயிடுச்சு அக்கா, இப்பதான் போச்சு என்றாள், அதோடு போனில் சார்ஜும் போய்விட்டது. அந்தப் பக்கம் பெரியம்மா ஒப்பாரியே வைத்துவிட்டாராம். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் நான் பெரியப்பாவின் தலைச்சாயத்தைக் கிண்டலடித்தேனே, அதிலிருந்து ஆறு வருஷம் என்னோடு பேசாத மனுஷர், போட்டிருந்த சட்டையோடு ரயில் ஏறிவிட்டார்.

அதற்குள் இங்கே காபியும் பன்னும் போன வழியே பச்சையாகத் திரும்பி வந்துவிட்டன. வயிறு தவில் மாதிரி ஆகி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, படம் எடுத்துப் பார்த்தால் குடல் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கிறதாம். மறுநாள் நடுப்பகலுக்குள் திறக்காவிட்டால் மறுபடி வெட்டித்தான் ஆகவேண்டும், கொஞ்சம் குடலை எடுக்க நேரலாம், மலம் போக வயிற்றில் பைகூட மாட்டலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, வாலு. அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மறுநாள் காலையில்தான் பெரியப்பா கண் வீங்கி உள்ளே வருகிறார். நான் மூக்கில் குழாயோடு, வாங்கண்ணே, இன்னும் போகலை என்றேன். சனியனே, உயிரோடதான் இருக்கியா என்று ஸ்டூலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். நடந்தால் குடல் அசையும் என்று நர்ஸ் வராந்தாவைக் காட்டிச் சொல்ல, என் முழங்கையைப் பிடித்து வராந்தாவில் நடத்தினார், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன அதே பிடி. சின்ன வயசில் எங்கள் இருவருக்கும் ஒரே போர்வை. உள்ளே நான் சத்தமில்லாமல் விட்டால்கூட, அப்பா, இவன்தான் என்று காட்டிக்கொடுப்பார். பிறகு கோர்ட்டில் குமாஸ்தாவாகி முப்பத்தைந்து வருஷம் பொய்ச்சாட்சிகளைப் பார்த்து முகம் சுளித்தவர்.

பதினொரு மணிக்கு டாக்டர் சம்மதத் தாளோடு வந்தார். இப்ப ஏதோ போன மாதிரி இருந்தது என்று நான் இழுத்தேன். அய்யா, உங்க வார்த்தை இனிமே செல்லாது என்றார், நியாயம்தானே. பெரியப்பா அந்தத் தாளை வாங்கி, காற்று பிரியவில்லை என்று எழுதியிருந்த வரி வரை படித்தார், தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போச்சும்மா, பத்து நாற்பதுக்கு, என் காதால கேட்டேன் என்றார். அந்த முகத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார், லேசா ஓடுது, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று தாளை மடித்தார். நாலு மணிக்கு ஒன்று போயிற்று பார், சாட்சியே தேவைப்படவில்லை, துடைக்கிற அம்மா வாசலிலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பெரியப்பா நாலு நாள் கூடவே இருந்துவிட்டுப் போனார். பத்து நாற்பது விஷயத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம், ஆனால் கோர்ட்டே நம்பின மனுஷரை நான் நம்பாமல் இருக்கலாமா?

நீ வயிற்று வலியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே, மென்று தின்னு, டாக்டரிடம் பொய் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, தலைமுடிப் பேச்சை மட்டும் எடுக்காதே. நீங்கள் இருவரும் நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக நீண்டநாள் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வால் போன உன் அப்பா

பி.கு.: இப்போதுதான் பெரியம்மா போன் பண்ணினார். பெரியப்பாவுக்கு மூன்று வருஷமாகவே காது மெஷின் இல்லாமல் இடி விழுந்தாலும் கேட்காதாம். ரயில் ஏறின அவசரத்தில் அதை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.