உறுமி உள்ளே, தம்பி வெளியே

14, சனி இரவு.

இன்னிக்கு ஒரு நைட் கிளப்ல எனக்கு டிஜேயா முதல் நாள். சவுண்டுக்காகவே ஆளுங்க தேடி வர்ற இடம். தம்பி கோயில் மேளக்குழுவில அடிக்கிற உறுமியைப் பதிவு பண்ணி, டெக்னோ இசையோட கலந்து போட்டேன். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஆடினாங்க.

தம்பியைத்தான் காணோம். எங்க பேட்டை ஈசூன்லேர்ந்து குழுப் பையங்க மூணு பேரைக் கூட்டிக்கிட்டு, புதுச் சட்டை போட்டு வந்திருக்கான். வாசல்லயே ஃபுல்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளே இடம் தாராளமா கிடந்துச்சு.

வாசல்ல நிக்கிறவரும் தமிழர்தான். போய்க் கேட்டேன்.

“உங்க தம்பின்னு தெரியாதும்மா. நம்ம தமிழ்ப் பையங்க நாலு பேர் சேர்ந்து வந்தா விடாதேன்னு சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்ய?”

மேனேஜர் வந்து, அடுத்த மாசமும் அந்த டிரம் கண்டிப்பா வேணும்னு சொன்னார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தா தம்பி தூங்காம சோபால உக்காந்திருந்தான்.

“வெளியில நின்னே கேட்டேன்க்கா. நல்லா வந்துச்சு.”

அந்த கிளப் சுவரைத் தாண்டி ஒரு பொட்டு சத்தம் வெளியே வராது. மேனேஜர் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றதே அதைத்தான்.